ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூவா?

"ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. கரும்பாலை இல்லாத ஊரில் இனிப்புக்கு இலுப்பைப்பூதான் கதி என்பது அதன் பொருள். இந்தப் பழமொழியில் தொடங்கிய ஒரு சொற்போரே எங்களை இக்கட்டுரை எழுத வைத்தது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எங்கள் வகுப்பின் தமிழ் மன்றம் கூடுவது வழக்கம். தலைப்புகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுப்போம். அன்று வந்த சீட்டில், "மின் விளையாட்டில் கொரியர் அல்லாதாருள் தலைசிறந்தவர் யார்?" என்று எழுதியிருந்தது. பாதி வகுப்பு சிரித்தது. மீதிப் பாதி விழித்தது. தன் அண்ணன் இரவெல்லாம் கணினியில் போட்டிகளைப் பார்ப்பதாகச் சொல்லும் ஒரு தோழிதான் எழுதியவள் என்பது பிறகு தெரிந்தது. சிஸ்டர் சீட்டைத் தூக்கிப் போடச் சொல்வார்கள் என்று எண்ணினோம். அவர்களோ, "அந்த விளையாட்டைக் கண்ணால் கண்டிராத எனக்கும் விளங்கும்படி பேசுவீர்களானால் பேசுங்கள்" என்றார்கள். இரண்டு வாரம் தவணை பெற்றுக்கொண்டு, குழுக்களாகப் பிரிந்து படித்தோம். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். மின் விளையாட்டுகள் பல உண்டு. ஆனால் "கொரியர், கொரியர் அல்லாதார்" என்ற பிரிவு ஆழமாக வேரூன்றியது ஸ்டார்கிராஃப்ட் என்ற ஆட்டத்தில்தான். அமெரிக்காவின் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் இதை 1998-இல் வெளியிட்டது. இதன் இரண்டாம் பாகம் 2010-இல் வந்தது.

சதுரங்கம் நம் எல்லாருக்கும் தெரியும். ஸ்டார்கிராஃப்டையும் ஒருவகைச் சதுரங்கம் என்றே கொள்ளலாம்; ஆனால் பெரிய வேறுபாடுகள் மூன்று உண்டு. ஒன்று, இதில் ஆளுக்கொரு முறை என்பது கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு, எதிரியின் காய்கள் கண்ணுக்குத் தெரியா. களத்தின் மேல் மூடுபனி போல ஓர் இருள் கவிந்திருக்கும். ஒற்றர்களை அனுப்பித்தான் அங்கே நடப்பதை அறிய முடியும். மூன்று, காய்கள் முன்கூட்டியே அடுக்கி வைக்கப்படுவதில்லை. கனிமமும் வாயுவும் தோண்டி எடுத்து, அந்தச் செல்வத்தைக் கொண்டு பட்டறைகள் கட்டி, படையைத் தாமே உருவாக்க வேண்டும். டெர்ரன் என்ற மனித இனம், ஸெர்க் என்ற பூச்சிபோன்ற இனம், புரோட்டாஸ் என்ற அறிவிற் சிறந்த வேற்றுலக இனம் ஆகிய மூன்றில் ஒன்றை ஆட்டக்காரர் தேர்ந்துகொள்வார். முதல்தர வீரர் ஒருவரின் விரல்கள் ஒரு நிமிடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டளைகளை இடுகின்றன. குடும்பத் தலைவியின் சிக்கனமும் படைத்தலைவனின் துணிவும் தையற்காரரின் விரைவும் ஒருவரிடமே கூடினால்தான் இந்த ஆட்டம் கைவரும்!

அப்படியானால் கொரியர் மட்டும் இதில் ஓங்கி நின்றது ஏன்? கொரியர் பிறவியிலேயே கணினிப் புலிகள் என்று கருதினால் அது தவறு. 1997-இல் தென்கொரியா பெரும் பொருளாதார நெருக்கடியில் சிக்கியது. பலர் வேலை இழந்தனர். அவர்களுள் சிலர் கையிலிருந்த பணத்தைப் போட்டு, "பி.சி. பாங்" எனப்படும் கணினி நிலையங்களைத் தெருவுக்குத் தெரு திறந்தனர். அதே ஆண்டுகளில் அந்நாட்டு அரசு விரைவு இணையத்தை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. சரியாக அந்த வேளையில் ஸ்டார்கிராஃப்ட் வந்தது. சிறு காசுக்கு ஒரு மணி நேரம் ஆடலாம் என்றால் இளைஞர் கூட்டம் சும்மா இருக்குமா?

2000-ஆம் ஆண்டில் கொரிய மின் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. ஆட்டங்களை ஒளிபரப்புவதற்கென்றே தொலைக்காட்சி அலைவரிசை வந்தது. எஸ்.கே. டெலிகாம், கே.டி., சாம்சங் போன்ற பெரிய நிறுவனங்கள் அணிகளை நடத்தின. வீரர்கள் அணி இல்லத்தில் ஒன்றாகத் தங்கி, பயிற்றுநரின் மேற்பார்வையில் நாள் முழுதும் பழகினர். நம் விடுதி மாணவியரின் கால அட்டவணை அவர்களுடையதன் முன் விடுமுறை போலத் தோன்றும்! 2004-இல் பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டியைக் காண ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கூடியதாகச் சொல்லப்படுகிறது. லிம் யோ-ஹ்வான் என்ற வீரர் திரைப்பட நடிகருக்கு நிகரான புகழ் பெற்றார். ஒரு நாடே ஒரு விளையாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டது என்றால் அது மிகையாகாது.

இதன் விளைவாக ஒரு வேடிக்கையான வழக்கு பிறந்தது. உலகெங்கும் உள்ள இரசிகர்கள் கொரியர் அல்லாத வீரர் எவரையும் "வெளிநாட்டார்" என்று அழைக்கலாயினர். பின்லாந்துக்காரர் பின்லாந்திலேயே உட்கார்ந்து ஆடினாலும் அவர் "வெளிநாட்டார்"தான்! அந்த ஆட்டத்தின் தாய்நாடாகக் கொரியாவையே எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி எங்கள் சொற்போருக்கு வருவோம்.

முதற் குழு எழுந்து கனடா நாட்டுக் கியோம் பாட்ரியின் பெயரைச் சொன்னது. க்யூபெக் மாநிலத்தவரான அவர் கொரியாவுக்கே சென்று, 2000-இல் ஹனாரோ டெலிகாம் ஸ்டார்லீக் பட்டத்தை வென்றார். முதலாம் ஸ்டார்கிராஃப்டில் அந்தத் தொலைக்காட்சி லீக்கை வென்ற கொரியர் அல்லாதவர் அவர் ஒருவரே. பின்னர் கொரிய மொழியையும் கற்று அங்கேயே தங்கி, 2014-இல் ஒரு தொலைக்காட்சி உரையாடல் நிகழ்ச்சியில் கனடாவின் சார்பில் அமர்ந்து நாடறிந்தவரானார். "வழி இல்லாத காட்டில் முதலில் நடந்தவருக்கே முதல் மாலை" என்று அக்குழு முடித்தது.

இரண்டாம் குழு பிரான்சு நாட்டு இலியெஸ் சத்தூரியை முன்வைத்தது. களத்தில் அவர் பெயர் ஸ்டெஃபானோ. 2011-இல் ஐ.பி.எல். 3 என்ற போட்டியை அவர் வென்றார் என்றதும், கிரிக்கெட் இரசிகையர் பக்கம் சலசலப்பு எழுந்தது. இது ஐ.ஜி.என். புரோ லீக் என்று விளக்கி அமைதியாக்க வேண்டியிருந்தது. எதிரி ஆயத்தமாவதற்குள் ரோச் எனப்படும் கரப்பான் படையை முழு அளவுக்குக் குவித்து மோதும் அவருடைய முறையைப் பலரும் பின்பற்றினர். "வென்றவர் பலர், பிறருக்குக் கற்பித்தவர் சிலர்" என்பது இக்குழுவின் வாதம்.

மூன்றாம் குழு அமெரிக்காவின் அலெக்ஸ் சண்டர்ஹாஃப்டைச் சொன்னது. நீப் என்று அழைக்கப்படும் இவர் 2016 அக்டோபரில் கொரியாவிலேயே கெஸ்பா கோப்பையை வென்றார். இறுதியாட்டத்தில் ட்ராப் என்ற கொரிய வீரரை 4-0 என்று வீழ்த்தினார். 2000-இல் பாட்ரி பெற்ற வெற்றிக்குப் பின், கொரிய மண்ணில் நடந்த அத்தகைய பெரும் ஸ்டார்கிராஃப்ட் போட்டியைக் கொரியர் அல்லாதவர் வெல்லப் பதினாறு ஆண்டுகள் பிடித்தன என்பதை எண்ணிப் பாருங்கள்!

நான்காம் குழு பேசத் தொடங்கியபோது எங்கள் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர்கள் சொன்ன பெயர் சாஷா ஹோஸ்டின், களப்பெயர் ஸ்கார்லெட். கனடாவைச் சேர்ந்த பெண். 2018 பிப்ரவரியில், குளிர்கால ஒலிம்பிக் தொடங்கும் தறுவாயில், அதே பியோங்சாங் பகுதியில் இன்டெல் நிறுவனத்தின் ஆதரவில் ஒரு போட்டி நடந்தது. இறுதியில் அவருக்கு எதிரே அமர்ந்தவர் கிம் யூ-ஜின். 2013, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் சூடியவர். ஸ்கார்லெட் 4-1 என்று வென்றார். ஸ்டார்கிராஃப்ட் இரண்டில் பெரும் போட்டியொன்றை வென்ற முதல் பெண் அவரே. கைதட்டல் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

ஐந்தாம் குழுவின் பெயரே கடைசியில் பெரும்பாலோர் ஒப்பிய பெயர். யோனா சோதாலா, களப்பெயர் செரல். பின்லாந்தின் போர்நைனென் என்ற சிற்றூர்க்காரர். 1998 மார்ச்சில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்த பிறகே முழுநேர வீரராக மாறியவர் என்று கேட்டதும் சிஸ்டர் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். அதன் பொருள் எங்களுக்கு விளங்காமல் இல்லை.

2018-ஆம் ஆண்டு செரலுடைய ஆண்டு. கொரியாவுக்கு வெளியே நடந்த நான்கு சுற்றுப் போட்டிகளான லைப்சிக், ஆஸ்டின், வலென்சியா, மொன்ட்ரியால் ஆகிய நான்கையும் அவரே வென்றார். ஆகஸ்டில் கொரியாவுக்கே சென்று, கொரியரும் பிறரும் மோதிய போட்டியில் 4-3 என்று முதலிடம் பெற்றார். நவம்பர் 3 அன்று அமெரிக்காவின் அனஹைம் நகரில் உலக இறுதிப் போட்டி. எதிரே அமர்ந்தவர் கொரியாவின் கிம் டே-யோப். ஸ்டேட்ஸ் என்பது களப்பெயர். 2012 முதல் 2017 வரை ஆறு ஆண்டுகளும் அந்த உலகப் பட்டம் கொரியர் கையை விட்டு நகரவில்லை. அன்று செரல் 4-2 என்று வென்றபோது நகர்ந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா?

எதிர்வாதம் இல்லாத சொற்போர் உப்பில்லாப் பண்டம். ஒரு தோழி எழுந்து, "கொரியர் தளர்ந்ததால்தான் இவர்கள் வென்றார்கள்" என்றாள். அவள் காட்டிய சான்றுகள் பொய்யல்ல. கொரியாவில் சூதாட்டத்துக்காக ஆட்டத்தை விட்டுக்கொடுத்த குற்றங்கள் வெளிப்பட்டுப் புகழ்பெற்ற வீரர்களே தண்டனை பெற்றனர். 2016-இல் அணிகளுக்கான புரோலீக் நிறுத்தப்பட்டது. அணி இல்லங்கள் மூடப்பட்டன. இளைஞர் கூட்டம் வேறு ஆட்டங்களுக்குச் சென்றது. கொரிய ஆண்கள் கட்டாய இராணுவப் பணிக்கும் போக வேண்டும். மேலும் அதே 2016 முதல், கொரியர் அந்நாட்டிலிருந்துகொண்டே பிற நாட்டுச் சுற்றில் ஆட முடியாதபடி விதி வந்தது. அதற்கு முன்போ, ஐரோப்பிய, அமெரிக்கச் சுற்றுகளின் பரிசுகளையும் கொரியரே அள்ளிச் சென்றனர். "வேலி போட்டுக் காத்த பிறகு வென்றார்கள், இது குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டிய கதை" என்று அவள் முடித்தாள்.

ஐந்தாம் குழு இதற்கு அளித்த விடை எங்களுக்கு நேர்மையாகத் தோன்றியது. வேலிக்குள் வென்ற நான்கு பட்டங்களை மட்டும் காட்டினால் குண்டுச்சட்டி என்று சொல்லலாம். ஆனால் ஆகஸ்டிலும் நவம்பரிலும் வேலிக்கு வெளியே, கொரியரின் எதிரிலேயே வென்றாரே! அவ்வாண்டு கொரியர் சோர்ந்து கிடக்கவும் இல்லை. மாரு என்ற சோ சுங்-ஜு அதே 2018-இல் கொரியாவின் ஜி.எஸ்.எல். கோட் எஸ் லீக்கின் மூன்று பருவங்களையும் வென்று சிகரத்தில் நின்றார். அந்த மாருவையே 2024 பிப்ரவரியில் போலந்தின் கட்டோவிட்சே நகரில் இறுதியாட்டத்தில் செரல் 4-0 என்று வென்றார். இடையே 2022-இலும் அதே கட்டோவிட்சே பட்டம் அவருடையதே. ஒருநாள் அதிர்ஷ்டம் ஆறு ஆண்டுகள் நீடிக்குமா?

ஆயினும் அவர் தனி மரம் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். இத்தாலியின் ரிக்கார்டோ ரொமித்தி என்ற ரெய்னர் 2021-இல், பதினெட்டு வயதிலேயே, கட்டோவிட்சே பட்டத்தை வென்றார். பிரான்சின் கிளெம் 2024 ஆகஸ்டில் ரியாத் நகரின் மின் விளையாட்டு உலகக் கோப்பையில் செரலையே 5-0 என்று வென்றார். 2025-இல் அக்கோப்பையைச் செரல் வென்றார்.

எங்கள் மனத்தை மிகவும் தொட்டவர் சீனாவின் லி பெய்நான். களப்பெயர் ஒலிவேரா. 2023 ஜனவரியில், நிறுவனங்களுக்கு இடையிலான ஒப்பந்தம் முடிந்ததால், சீனாவில் இந்த ஆட்டத்தின் இணையச் சேவையே நிறுத்தப்பட்டது. சொந்த நாட்டில் விளையாடும் களமே பறிபோன சில வாரங்களில் அவர் கட்டோவிட்சே சென்றார். பட்டம் வெல்லக்கூடியவர் என்று அவரை எண்ணியவர் மிகச் சிலரே. இறுதியில் மாருவை 4-1 என்று வென்று மேடையில் கண்ணீர் விட்டார். பட்டங்களை எண்ணினால் செரல் முன் நிற்பார்; ஒரு வாரத்தின் துணிவை எடை போட்டால் ஒலிவேராவே முன் நிற்பார் என்று எங்களில் சிலர் இன்றும் வாதாடுகிறோம்.

வாக்கெடுப்புக்கு முன், கடைசி வரிசையில் அதிகம் பேசாத எங்கள் தோழி ஒருத்தி எழுந்தாள். அவள் சதுரங்கம் ஆடுகிறவள். "எனக்கு யார் சிறந்தவர் என்பதில் கேள்வி இல்லை. 'கொரியர் அல்லாதாருள்' என்ற சொல்லில்தான் கேள்வி" என்றாள்.

சென்ற ஆண்டு ஒரு போட்டியில் அவள் மாணவியர் பிரிவில் முதலிடம் பெற்றாள். கோப்பையைக் கொடுத்த பெரியவர் ஒலிபெருக்கியில், "பெண்பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் மிக நல்ல ஆட்டம்தான்" என்று பாராட்டினாராம். கூட்டம் கைதட்டியது. நாங்களும் அங்கே இருந்தோம், நாங்களும் கைதட்டினோம். "அந்தப் பாராட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரவு படுத்த பிறகுதான் அது குத்தியது" என்று அவள் சொன்னபோது வகுப்பில் ஓசையே இல்லை. நாங்கள் கைதட்டியதும் எங்களுக்கு அப்போதுதான் குத்தியது.

பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சே அந்த நாளின் உண்மையான சொற்போர். "தனிப்பிரிவே கூடாது" என்றனர் சிலர். "தனிப்பிரிவு இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேர் சதுரங்கப் பலகை முன் உட்கார்ந்திருக்கவே மாட்டோம்" என்றனர் வேறு சிலர். ஒரு தோழி அழகான உவமை ஒன்று சொன்னாள். "தனிப்பிரிவு நடைவண்டி போன்றது. குழந்தை நடக்கப் பழக அது வேண்டும். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் எவரும் நடைவண்டியோடு ஓடுவதில்லை."

ஆம் தோழியரே! 2016-இல் போட்ட வேலி ஒரு நடைவண்டி. அதனால் பல நாட்டு இளைஞர்களுக்கு இந்த ஆட்டத்தை நம்பிப் பிழைக்க முடிந்தது. பழக நேரம் கிடைத்தது. அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் செரல் வண்டிக்குள்ளேயே நின்று மாலை வாங்கிக்கொண்டிருக்கவில்லை. அதை விட்டு இறங்கிக் கொரியாவுக்குப் போனார். நீப் கெஸ்பா கோப்பையை வென்றது கொரிய மண்ணில். ஸ்கார்லெட் வென்றதும் மகளிர் பிரிவில் அன்று. பிரிவே இல்லாத பொதுக்களத்தில்.

கொரியருக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் மலையை அவ்வளவு உயரமாக எழுப்பியிராவிட்டால், ஏறியவர்களுக்கு அத்தனை பெருமை ஏது? "வெளிநாட்டார்" என்ற சொல்லும் இழிசொல்லாகப் பிறந்ததன்று. உயரத்தை அளக்க வைத்த அளவுகோலாகவே பிறந்தது. அளவுகோலையே கூரையாக்கிக்கொள்வதுதான் தவறு.

இறுதியில் வாக்கெடுப்பு நடந்தது. செரலுக்குப் பெருவாரியான வாக்கு கிடைத்தது. தீர்ப்பு கூற எழுந்த சிஸ்டர், "வினாவுக்கு விடை சொல்லிவிட்டீர்கள். இனி வினாவைத் திருத்துங்கள்" என்றார்கள். கரும்பலகையில் எழுதியிருந்த தலைப்பின் முன் சென்று, "கொரியர் அல்லாதாருள்" என்ற இரு சொற்களையும் தம் கையாலேயே அழித்தார்கள். "மின் விளையாட்டில் தலைசிறந்தவர் யார்?" என்பது மட்டும் எஞ்சியது. அந்த வினாவுக்கும் செரலின் பெயரைச் சொல்ல முடியும். மாருவின் பெயரையும் சொல்ல முடியும். இப்போதுதான் போட்டி சமமாயிற்று! கரும்புக்குப் பக்கத்தில் வைத்துச் சுவைத்த பிறகு, அதை இலுப்பைப்பூ என்று யார் சொல்வார்?

எங்கள் சதுரங்கத் தோழி இந்த ஆண்டு பொதுப்பிரிவில் பெயர் கொடுத்தாள். ஏழு ஆட்டங்களில் மூன்றரைப் புள்ளிகள் பெற்றாள். கோப்பை இல்லை, மேடைக்கு அழைப்பும் இல்லை. ஆனால் கடைசி ஆட்டத்தில் அவளிடம் தோற்ற கல்லூரி மாணவர், காய்களை அடுக்கிக்கொண்டே, "எந்த இடத்தில் நான் தவறினேன்?" என்று அவளிடம் கேட்டாராம். "பெண்பிள்ளைக்கு" என்ற சொல் அதில் இல்லை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கண்ட மலர்ச்சி சென்ற ஆண்டுக் கோப்பையைத் தூக்கியபோது இருந்ததில்லை.

அன்புத் தோழியரே, நடைவண்டி தந்தவர்களை மறவாதிருப்போம். காலம் வந்தால் அதை விட்டு இறங்கவும் அஞ்சாதிருப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, தன் வகுப்புத் தோழியர் சார்பில்